வட்டத்தின் அகலமும் மருந்தின் வன்மையும்

பற்றீரியாக்களைப் பரவலாக விதைத்த ஏகார்க் கிண்ணமொன்றின் மேல், வெவ்வேறு நுண்ணுயிர்கொல்லி மருந்துகளிற் தோய்த்துலர்த்திய சிறு தாள்வட்டுக்களை இடைவெளி விட்டு வைத்து, ஓரிரவு இளஞ்சூட்டில் இருத்தி, மறுநாட் காலை திறந்து நோக்கின் அழகிய காட்சியொன்று புலப்படும். கிண்ணம் முழுவதும் பற்றீரியாக்கள் வெண்படலமாய் வளர்ந்திருக்க, தாள்வட்டுக்களைச் சூழ மட்டும் வளர்ச்சியற்ற தெளிந்த வட்டங்கள் தோன்றியிருக்கும். ஒன்று அகன்றிருக்கும், ஒன்று ஒடுங்கியிருக்கும், ஒரு வட்டைச் சுற்றி வட்டமே தோன்றாதிருத்தலுங் கூடும். இத்தடைவட்டங்களின் விட்டத்தை அளவுகோலால் அளந்து, அகன்ற வட்டத்துக்குரிய மருந்து வன்மை மிக்கது, ஒடுங்கியதற்குரியது மெலிந்தது என வரிசைப்படுத்தி, மாணவர் தம் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவர். அளவை பிழையன்று, முடிபே பிழை.

இப்பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு மருத்துவமனைகளின் ஆய்வுகூடங்கள் பலவும் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் இம்மயக்கத்தில் உழன்றன. குறிப்பேட்டிற் பிழை நேரிற் சில புள்ளிகள் குறையும். மருத்துவமனையிற் பிழை நேரிற் படுக்கையிற் கிடப்பவனின் உயிர் போகும். வட்டம் கூறுவது யாது, கூறாதது யாது என்பது தெளிவாதற்கு ஏறக்குறைய நாற்பதாண்டு சென்றது. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். வட்டத்தை அளக்கும் முறை, ஒரு மருந்தின் ஓரளவை அதே மருந்தின் மற்றோரளவோடு ஒப்பிடுதற்கென வகுக்கப்பட்டது. வேறு வேறு மருந்துகளைத் தம்முள் ஒப்பிடுதற்கு அதனை எடுத்தாண்டபோதே மயக்கம் பிறந்தது.

முதற்கண், வட்டம் தோன்றுதற்குக் களமாய் அமைந்த ஏகாரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பெர்லினில் றொபேட் கொக் பற்றீரியாக்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முயன்ற காலத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் ஜெலற்றினையும் கையாண்டார். ஜெலற்றின் உடல்வெப்பநிலையில் உருகிவிடும். பற்றீரியாக்கள் சில அதனைச் சிதைத்து நீராக்கியும் விடும். 1881-82 ஆம் ஆண்டளவில், அவருடன் பணியாற்றிய வோல்தர் ஹெஸ்ஸே என்பாரின் மனைவியார் பன்னி ஹெஸ்ஸே, தாம் அடுக்களையிற் பழப்பாகினை இறுகச் செய்தற்குக் கையாண்ட ஏகாரைப் பயன்படுத்துமாறு சொன்னார். ஏகார் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. இலங்கைக் கரையோரங்களிற் கிடைக்கும் கடற்பாசியும் இத்தகையதே. 'இலங்கைப் பாசி' என்ற பெயரால் ஐரோப்பியரும் அதனை அறிந்திருந்தனர். உருகிய ஏகார் 40 பாகைச் சதமவளவில் இறுகும். மீண்டும் உருகுதற்கு 80 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். பெரும்பாலான பற்றீரியாக்களால் அதனைச் சிதைக்கவும் இயலாது. 1887 இல் ஜூலியஸ் பெற்றி மூடியுடன் கூடிய தட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை அமைத்தார். கிண்ணத்துக்குப் பெற்றியின் பெயர் நிலைத்தது. ஏகாருக்கு ஹெஸ்ஸே அம்மையாரின் பெயரை எவரும் இட்டாரல்லர்.

ஏகாரின் இயல்புகளுள் ஈண்டு வேண்டப்படுவது ஒன்றே. பார்வைக்குத் திண்மமாயினும் அதன் பெரும்பகுதி நீரே. ஆதலால், அதன்மேல் வைக்கப்பட்ட கரைபொருள் எதுவும் நாற்புறமும் மெல்ல மெல்லப் பரவிச் செல்லும். தூரஞ் செல்லச் செல்லச் செறிவு குறையும்.

1928 ஆம் ஆண்டு செத்தெம்பரில், இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பூஞ்சணக் கிண்ணத்தின் கதையை அறியாதார் இலர். ஆயின், அதன்பின் அவர் செய்த ஒப்பீடு அத்துணை அறியப்படவில்லை. கிண்ணத்தின் ஏகாரில் நீண்ட பள்ளமொன்றை வெட்டி, அப்பள்ளத்தைப் பூஞ்சணச் சாறு கலந்த ஏகாரால் நிரப்பி, அதற்குச் செங்குத்தாகப் பல்வேறு பற்றீரியாக்களைக் கோடுகோடாக இழுத்துவிட்டார். மறுநாள் நோக்கியபோது, சில கோடுகள் பள்ளத்தின் விளிம்பு வரை தடையின்றி வளர்ந்திருந்தன. சில, பள்ளத்துக்கு அணித்தே வரமாட்டாது நெடுந்தூரத்தில் நின்றுவிட்டன. ஸ்ரபிலோகொக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு, நியூமோகொக்கசு, தொண்டைக்கரப்பான் கோலுயிர் முதலியன பின்னைய வகையின. நெருப்புக்காய்ச்சலை விளைக்கும் கோலுயிரும், குடலில் வாழும் கோலுயிரும், இன்புளுவென்சாவின் பெயர் பெற்ற கோலுயிரும் முன்னைய வகையின. 1929 இல் வெளிவந்த கட்டுரையில் இவற்றை அவர் அட்டவணைப்படுத்தியதோடு, ஏறத்தாழ 800 மடங்கு ஐதாக்கிய பின்னும் அச்சாறு ஸ்ரபிலோகொக்கசின் வளர்ச்சியைத் தடுத்ததென்றும் குறித்தார்.

இங்கே மருந்து ஒன்று, பற்றீரியாக்கள் பல. ஒரே பள்ளத்திலிருந்து ஒரே செறிவிற் பரவும் ஒரே பொருளின் முன் பல உயிர்கள் நிறுத்தப்பட்டன. ஆதலின் அவ்வொப்பீடு பெரும்பாலும் நேரியதே. பெரும்பாலும் எனக் கூறியதன் காரணம், மெல்ல வளரும் உயிருக்கு எதிரே மருந்து நெடுந்தூரம் பரவுதற்குக் காலங் கிடைத்துவிடும் என்பதாம். பிளெமிங் தம் பொருளை நோய் தீர்க்கும் மருந்தென வற்புறுத்தினாரல்லர். வேண்டாத உயிர்களை அகற்றி இன்புளுவென்சாக் கோலுயிரைப் பிரித்தெடுத்தற்கு உதவும் கருவியாகவே அதனைப் பெரிதும் எடுத்துக் காட்டினார் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

கிண்ணத்தில் வலிதாய்த் தோன்றிய பொருள் இவ்வாறு பத்தாண்டு கிடப்பிற் கிடக்க, கிண்ணத்தில் ஒன்றுஞ் செய்யாத பொருளொன்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஜேர்மனியின் எல்பர்பெல்ட் நகரில் கெகாட் டொமாக், 1932 ஆம் ஆண்டின் இறுதியில், புறொன்ரோசில் என்னுஞ் செந்நிறச் சாயப்பொருளை ஸ்ரெப்ரோகொக்கசு தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தார். மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன, பெறாதவை மடிந்தன. அதே பொருளைச் சோதனைக்குழாயிற் பற்றீரியாக்களோடு கலந்தபோதோ அவை யாதுமொரு தீங்கின்றி வளர்ந்தன. 1935 இல் இம்முடிபு வெளிவந்தது. அவ்வாண்டிற்றானே பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தார் மருமத்தை விடுவித்தனர். உடலினுள்ளே புறொன்ரோசில் பிளவுண்டு சல்பனிலமைட்டு என்னும் நிறமற்ற பொருள் வெளிப்படுகின்றது. பற்றீரியாவைத் தடுப்பது அதுவேயாம்.

அதனோடும் சிக்கல் தீரவில்லை. சல்பனிலமைட்டை நேரே கிண்ணத்தில் இட்ட போதும், ஓர் ஊடகத்தில் அது வேலை செய்தது. மற்றோர் ஊடகத்தில் வாளாவிருந்தது. 1940 இல் டொனல்ட் வூட்ஸ் காரணத்தைக் கண்டார். பற்றீரியாக்களுக்கு வேண்டிய பரா-அமினோபென்சோயிக்கமிலம் என்னும் பொருளின் உருவத்தைச் சல்பனிலமைட்டு ஒத்திருத்தலால், அதன் இடத்தை இது கவர்ந்துகொண்டு அவ்வுயிர்களைப் பட்டினியிடுகின்றது. இறைச்சிச் சாறும் பெப்ரோனும் மிக்க ஊடகத்தில் அப்பொருளும் அதனையொத்தனவும் மிகுந்திருப்பின் மருந்து தோற்றுவிடும். ஊடகம் வெறுங் களமன்று, போரில் ஒரு பக்கஞ் சேரவும் வல்லது என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. இவ்வறிவு மருத்துவமனை ஆய்வுகூடங்களின் அன்றாட நடைமுறையுட் புகுதற்கு மேலும் இருபதாண்டு வேண்டியிருந்தமை வருந்தத்தக்கதே.

வட்டத்தை எண்ணாக்கிய பெருமை ஒக்ஸ்போர்ட்டைச் சாரும். ஹவார்ட் புளோரியும் ஏர்ணஸ்ட் செயினும் பெனிசிலினைத் தூய்மையாக்க முயன்றபோது அவர்களை முதலில் எதிர்ப்பட்ட இடர், கையிலுள்ள சாற்றில் மருந்து எவ்வளவு உண்டென்பதை அறியமாட்டாமையே. நிறுத்துப் பார்த்தற்கு அது தூய பொருளன்று. அதன் வேதியமைப்போ அறியப்படவில்லை. அவர்தம் குழுவினரான நோர்மன் ஹீற்லி எளியதொரு வழியை வகுத்தார். ஸ்ரபிலோகொக்கசை விதைத்த ஏகாரின் மேல், இருபுறமுந் திறந்த சிறு கண்ணாடி உருளைகளை நிறுத்தி, அவற்றுட் சோதிக்கவேண்டிய கரைசல்களை வார்த்தார். மறுநாள் ஒவ்வோர் உருளையைச் சுற்றியுந் தோன்றிய வட்டத்தின் விட்டத்தை அளந்து, செறிவு தெரிந்த நியமக் கரைசலின் வட்டத்தோடு ஒப்பிட்டார். இதிலிருந்து பிறந்ததே ஒக்ஸ்போர்ட் அலகு. 1944 இல் அனைத்துலக அலகு வகுக்கப்பட்டபோது, 0.6 மைக்கிரோகிராம் நியமப் பெனிசிலினின் ஆற்றல் ஓரலகென வரையறுக்கப்பட்டது. மருந்துப் புட்டிகளில் இன்றும் காணப்படும் பத்து இலட்சம் அலகு என்பது 0.6 கிராமே.

இவ்வுருளைகள் இன்றேல் பெனிசிலின் இன்று என்று கூறினும் மிகையாகாது. 1940 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி எட்டு எலிகளுக்கு ஸ்ரெப்ரோகொக்கசைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் மருந்து கொடுத்து, மருந்து பெறாத நான்கும் விடியுமுன் இறந்தமையைக் கண்டு குறித்தவரும் ஹீற்லியே. 1941 பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட் காவலர் ஒருவருக்கு அம்மருந்து முதன்முறையாக நோய் தீர்க்கும் நோக்குடன் ஏற்றப்பட்டது. முகத்திலும் கண்ணிலும் பரவியிருந்த சீழ் வற்றத் தொடங்கியது, காய்ச்சல் தணிந்தது. கையிருப்போ ஐந்தே நாளில் முடிந்தது. அவரது சிறுநீரில் வெளியேறிய மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். அங்ஙனமிருந்தும் போதாமையால் மார்ச்சு 15 ஆந் திகதி அவர் இறந்தார். அங்கே மருந்தின் வன்மை தோற்கவில்லை; அதன் அளவே தோற்றது.

ஹீற்லியின் வட்டம் நம்பத்தக்கதாயிருந்தமைக்குக் காரணம், இரு புறத்தும் ஒரே மருந்தே நின்றமையாம். பற்றீரியாவும் ஒன்று, ஏகாரும் ஒன்று, வேறுபட்டது அளவு மட்டுமே. இதன் பௌதிகத்தைப் பின்னர் 1950 களிற் பிறிஸ்ரலைச் சேர்ந்த கூப்பரும் அவர்தம் துணைவரும் கணித்துக் காட்டினர். தாள்வட்டிலிருந்து மருந்து புறப்பட்டுப் பரவத் தொடங்குங்கால் பற்றீரியாக்களும் பெருகத் தொடங்குகின்றன. இரண்டிற்கும் இடையே நிகழ்வது ஓர் ஓட்டப் போட்டி. குறித்த சில மணி நேரத்துட் பற்றீரியாக்கள் ஓர் எல்லையளவு நெருங்கிவிடின், அதன்பின் வந்து சேரும் மருந்தால் அவற்றை அடக்க இயலாது. அந்நேரத்தில் மருந்தின் செறிவு எவ்விடத்திற் போதியதாயிருந்ததோ அவ்விடமே வட்டத்தின் விளிம்பாகும். விளிம்பின் தூரத்து வர்க்கம் செறிவின் மடக்கையோடு ஒழுங்காய் மாறும் என்பது அவர்தம் கணிப்பின் சாரம்.

இதிலிருந்து பெறப்படுவன பல. ஏகார் மெல்லியதாயின் மருந்து கீழ்நோக்கிச் செல்ல இடமின்றிப் பக்கவாட்டிற் பரவும், வட்டம் பெரிதாகும். பற்றீரியாக்களை அடர்த்தியாய் விதைத்தால் வட்டம் சுருங்கும். கிண்ணத்தைப் பெட்டியில் வைக்கத் தாமதித்தாலும் வட்டம் மாறும். எல்லாவற்றினும் மேலாக, மூலக்கூறு பருத்த மருந்து ஏகாரினூடே மெல்லவே ஊரும். பெனிசிலினின் மூலக்கூற்று நிறை 334. வங்கோமைசினது ஏறத்தாழ 1,450. பொலிமிக்சினும் அத்தகைய பருமனுடையது. பருத்த மருந்தின் வட்டம் ஒடுங்கியிருப்பது அதன் வன்மைக் குறைவாலன்று, நடையின் மந்தத்தாலாம். மாணவன் குறிப்பேட்டில் இடும் வரிசையிற் பொலிமிக்சின் எப்போதும் கடையில் நிற்பதன் காரணம் இதுவே.

1944 இல் உருளைக்குப் பதிலாக வடிதாள் வட்டைக் கையாளும் முறை வெளிவந்தது. அதுவும் பெனிசிலினின் அளவையறிதற்கே வகுக்கப்பட்டது. 1947 இல் அமெரிக்காவிற் பொண்டியும் துணைவரும் அதனை வேறொரு பணிக்கு எடுத்தாண்டனர். நோயாளியிடமிருந்து பெற்ற பற்றீரியாவின் மேற் பல மருந்து வட்டுக்களை ஒருங்கே வைத்து, எம்மருந்துக்கு அது இணங்கும் என நோக்குதலே அப்பணி. பள்ளத்தில் மருந்து ஒன்று, உயிர் பல. உருளையில் மருந்தும் ஒன்று, உயிரும் ஒன்று. இப்பொழுதோ உயிர் ஒன்று, மருந்து பல. வினா தலைகீழாயிற்று, விடையை அளக்குங் கோல் மட்டும் மாறவில்லை.

அக்காலத்து மருத்துவர்க்கு இவ்வினா தவிர்க்கொணாததாயிருந்தது. இலண்டன் ஹமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பாபர் அம்மையார் செய்த கணக்கெடுப்பில், பெனிசிலினை எதிர்க்கும் ஸ்ரபிலோகொக்கசுகள் 1946 இல் நூற்றுக்கு 14 ஆகவும், 1947 இல் 38 ஆகவும், 1948 இல் 59 ஆகவும் காணப்பட்டன. 1944 இல் ஷாற்ஸ், வக்ஸ்மன் முதலியோர் அறிவித்த ஸ்ரெப்ரோமைசின் கசநோய்க்கு முதல் மருந்தாய் வந்தது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948 இல் வெளியிட்ட பெயர்பெற்ற சோதனையில், அம்மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேருள் 14 பேரும் இறந்தனர். மருந்தின் பயன் ஐயத்துக்கிடமற்றது. ஆயினும், மருந்து பெற்றோருள் மிகப் பலரின் சளியிலிருந்த கோலுயிர்கள் சில மாதங்களுள் அம்மருந்தை எதிர்க்குந் திறனைப் பெற்றுவிட்டன. நேற்று இணங்கிய உயிர் இன்று இணங்காது. ஆகவே சோதியாது மருந்து கொடுத்தல் இருளிற் கல்லெறிதல் போலாயிற்று. இதற்கிடையிற் குளோரம்பெனிக்கோல், ஓரியோமைசின், தெராமைசின், எரித்திரோமைசின் என மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து குவிந்தன.

தாள்வட்டு மலிவானது, எவரும் செய்யத்தக்கது, ஓரிரவில் விடை தருவது. அதனாலேயே அது காட்டுத்தீப் போற் பரவியது. அதனாலேயே குழப்பமும் பரவியது. ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்கு வாய்த்த ஊடகத்தைக் கையாண்டது. வட்டிலிருந்த மருந்தின் அளவு செய்வாருக்குச் செய்வார் வேறுபட்டது. சிலர் ஒரே மருந்தின் மெலிந்த வட்டும் வலிய வட்டும் வைத்து, இரண்டைச் சுற்றியும் வட்டம் உண்டா, ஒன்றைச் சுற்றி மட்டும் உண்டா எனப் பார்த்தனர். சிலருக்கு வட்டம் என ஒன்று தென்பட்டாற் போதும், மருந்து பயன்படும் என எழுதிவிடுவர். அகன்ற வட்டத்து மருந்தைத் தேர்ந்துகொள்ளும் மருத்துவர்களும் இருந்தனர். ஒரே நோயாளியின் பற்றீரியாவைப் பற்றி இரு ஆய்வுகூடங்கள் முரணான விடை கூறல் அரிதன்று. 1961 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, இச்சோதனை முறைகளை ஒழுங்குபடுத்தவேண்டிய தேவையைத் தனியறிக்கையாகவே வெளியிட நேர்ந்ததிலிருந்து குழப்பத்தின் அளவை உய்த்துணரலாம்.

இதற்கு விடைகள் இரண்டு தோன்றின. ஒன்று இலண்டனில் ஜோன் ஸ்ரோக்ஸ் அம்மையார் 1955 அளவில் வகுத்தது. ஒரே கிண்ணத்தில் ஒருபாற் குணம் நன்கறிந்த நியமப் பற்றீரியாவையும் மற்றொருபால் நோயாளியின் பற்றீரியாவையும் விதைத்து, இரண்டிற்கும் நடுவே வட்டை வைத்தார். ஏகாரின் தடிப்பும் வெப்பமும் வட்டிலுள்ள அளவும் எவ்வாறு மாறினும் இருபாலும் ஒருங்கே மாறுமாதலின், இரு வட்டங்களின் வேறுபாடு உயிர்களின் வேறுபாட்டையே காட்டும். ஒத்தவற்றை ஒத்தவற்றோடு ஒப்பிடல் என்னும் ஹீற்லியின் நெறிக்கு அவர் மீண்டனர் எனலாம். பிரித்தானிய ஆய்வுகூடங்களில் இம்முறை நெடுங்காலம் வழங்கியது.

மற்றையது அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் பிறந்தது. பவர், கேர்பி, ஷெரிஸ், ரேர்க் என்னும் நால்வரும் 1966 இல் வெளியிட்ட கட்டுரை, மாறக்கூடிய அனைத்தையும் மாறாது கட்டிவைத்தது. பற்றீரியாக் கரைசலின் கலங்கல், பேரியஞ் சல்பேற்றுக் கலங்கலோடு ஒப்புநோக்கி அமைக்கப்பட்டது. மருந்தொன்றுக்கு வட்டு ஒன்று, வட்டொன்றுக்கு அளவு ஒன்று என வரையறுக்கப்பட்டது. பெனிசிலினுக்கு 10 அலகு, ஸ்ரெப்ரோமைசினுக்கு 10 மைக்கிரோகிராம், குளோரம்பெனிக்கோலுக்கு 30 மைக்கிரோகிராம் என்றவாறு. ஏகாரின் தடிப்பும் பின்னர் 4 மில்லிமீற்றர் என நிலைபெற்றது. ஊடகமாகக் கொள்ளப்பட்டது மியூலர்-ஹின்றன் ஏகார். இது 1941 இல் ஹாவார்ட்டில் ஜே. ஹவார்ட் மியூலரும் ஜேன் ஹின்றன் அம்மையாரும் மேகவெட்டைக் கிருமியையும் மூளைமென்சவ்வழற்சிக் கிருமியையும் வளர்த்தற்கென ஆக்கியது. மருந்துச் சோதனையை அவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். சல்பா மருந்துகளைத் தடுக்கும் பொருள்கள் அதிற் குறைவாயிருந்தமை பின்வந்தோர்க்கு வாய்ப்பாயிற்று. ஹின்றன் அம்மையார் பின்னர் விலங்கு மருத்துவம் பயின்று, 1949 இல் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கப் பெண்களுள் ஒருவரானார்.

இவ்வொழுங்குகளினும் சிறந்தது அந்நால்வர் வட்டத்துக்குப் பொருள் கண்ட முறையாம். குழாய்களில் மருந்தைப் படிப்படியாய் இருமடங்கு ஐதாக்கி, பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை அறிதல் பழைய, உழைப்பு மிக்க, ஆயினும் நேரான முறை. நூற்றுக்கணக்கான பற்றீரியாக்களுக்கு இச்செறிவையும் வட்டத்தின் விட்டத்தையும் தனித்தனியே அளந்து வரைபடத்திற் குறித்தால், ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கோடொன்று கிடைக்கும். நோயாளியின் குருதியில் அம்மருந்து வழக்கமான அளவில் எய்தக்கூடிய செறிவை அக்கோட்டிற் பொருத்தினால், எத்தனை மில்லிமீற்றருக்கு மேற் பயன் எதிர்பார்க்கலாம், எத்தனைக்குக் கீழ் எதிர்பார்க்கலாகாது என்பது வெளிப்படும். கோடு மருந்துக்கு மருந்து வேறாதலின் எல்லையும் வேறே. 1966 அட்டவணையின்படி, ஸ்ரபிலோகொக்கசு பெனிசிலினுக்கு இணங்குவதெனக் கூறுதற்கு வட்டம் 29 மில்லிமீற்றராதல் வேண்டும்; வங்கோமைசினுக்கோ 12 மில்லிமீற்றர் போதும். ஆகவே ஒரே கிண்ணத்திற் பெனிசிலினைச் சூழ 24 மில்லிமீற்றர் வட்டமும் வங்கோமைசினைச் சூழ 16 மில்லிமீற்றர் வட்டமும் தோன்றின், நோயாளிக்கு உதவத்தக்கது ஒடுங்கிய வட்டத்து மருந்தே. அகன்றதை நம்பியவன் அவனைக் கைவிட்டவனாவான்.

இங்கே வினாவே மாறிவிட்டமை கவனித்தற்குரியது. எம்மருந்து வலியது என்பதன்று வினா. இம்மருந்தின் எல்லைக்குள் இவ்வுயிர் அகப்படுமா என்பதே. 1971 இல் எரிக்சனும் ஷெரிசும் வெளியிட்ட அனைத்துலகக் கூட்டாய்வு இம்முறைகளின் அடிப்படையை மேலும் ஆராய்ந்தது. 1975 இல் அமெரிக்க நியமக் குழு வட்டுச் சோதனைக்குரிய தன் முதல் நியமத்தை வெளியிட்டது. ஐரோப்பாவில் 1997 இல் இதற்கெனத் தனிக்குழு அமைந்தது. அட்டவணைகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன.

எனினும், திருத்தமாய்ச் செய்த சோதனையும் உடலுக்கு வெளியே நிகழ்வதே. நெருப்புக்காய்ச்சல் இதற்கு ஏற்ற சான்று. அந்நோயை விளைக்கும் கோலுயிரின் மேல் ஜென்ரமைசின் முதலிய அமினோகிளைக்கோசைட்டு வட்டுக்களை வைத்தால் நல்ல வட்டம் தோன்றும். நோயாளிக்குக் கொடுத்தாற் காய்ச்சல் இறங்காது. அக்கோலுயிர் உடற்கலங்களினுள்ளே ஒளிந்து வாழ்வது. அம்மருந்துகளோ கலங்களினுட் போதிய அளவிற் புகமாட்டா. இதனால், இணங்குகின்றது என்ற விடையை அந்நோய்க்கு எழுதலாகாதென நியமங்களே விலக்கியுள்ளன.

அந்நோய்க்கு உண்மையான மருந்து கிடைத்த வரலாறும் கிண்ணத்திலன்று, நோயாளியின் படுக்கையருகே நிகழ்ந்தது. 1948 இற் கோலாலம்பூரில் ஸ்மடெல், வூட்வேட் முதலிய அமெரிக்க மருத்துவர் தைபசுக் காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோலைச் சோதித்துக்கொண்டிருந்தனர். அந்நோயெனக் கருதி மருந்து கொடுக்கப்பட்டவருட் சிலர்க்கு இருந்தது நெருப்புக்காய்ச்சலெனப் பின்னர் அறியப்பட்டது. அவர்களும் விரைவிற் குணமடைந்தனர். அதனைத் தொடர்ந்து பத்து நோயாளரிற் செய்த சிகிச்சையின் பயன் அவ்வாண்டிலேயே வெளியிடப்பட்டது. வாரக்கணக்கில் எரித்து, பலரைக் கொண்டுசென்ற காய்ச்சல் சில நாட்களில் அடங்குவதாயிற்று. ஆயின் 1950 களின் தொடக்கத்தில், அம்மருந்து மிகச் சிலரிடத்து என்புமச்சையை வற்றச்செய்து குருதியாக்கத்தை நிறுத்திவிடுதல் தெரியவந்தது. அதனையும் எவ்வட்டமும் முன்னறிவித்ததில்லை. 1972 இல் மெக்சிக்கோவிலும் கேரளத்திலும் குளோரம்பெனிக்கோலை எதிர்க்கும் நெருப்புக்காய்ச்சற் கோலுயிர் பரவியபோது மட்டும், வட்டம் தன் பணியைச் செவ்வனே செய்தது. வட்டைச் சுற்றி வட்டம் தோன்றாமையே அங்கு செய்தி.

வட்டம் தோன்றியும் பொய்த்தமைக்கு வங்கோமைசின் சான்று. 1958 முதல் வழக்கிலுள்ள அம்மருந்துக்கு முழுதும் இணங்காத ஸ்ரபிலோகொக்கசு ஒன்று 1997 இல் யப்பானிலிருந்து அறிவிக்கப்பட்டது. இணங்கும் உயிருக்கும் அரைகுறையாய் இணங்கும் உயிருக்கும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஊர்ந்து செல்லும் மருந்தின் சிறு வட்டத்துள் அந்நுண்ணிய வேறுபாடு அடங்கிப்போயிற்று. 2009 இல் அமெரிக்க நியமத்திலிருந்து ஸ்ரபிலோகொக்கசுக்குரிய வங்கோமைசின் வட்டெல்லை நீக்கப்பட்டது; குழாய்களில் ஐதாக்கும் பழைய முறையையும் அதனையொத்த முறைகளையுமே கையாளுமாறு விதிக்கப்பட்டது.

பெனிசிலினுக்கு நேர்ந்தது இதனினும் நுட்பமானது. அம்மருந்தைச் சிதைக்கும் நொதியமொன்று பற்றீரியாவிடம் உண்டென்பதை ஏபிரகாமும் செயினும் 1940 இலேயே, மருந்து முதல் நோயாளியை அடையுமுன்னரே, அறிவித்துவிட்டனர். இந்நொதியத்தைச் சுரக்கும் ஸ்ரபிலோகொக்கசும் சிலவேளைகளில் அகன்ற வட்டத்தைக் காட்டும். ஆயின் அதன் விளிம்பு வேறு. மருந்துக்கு உண்மையில் இணங்கும் உயிரின் வட்டம், கடலினுள் மெல்லச் சரிந்திறங்கும் மணற்கரை போல, வளர்ச்சி சிறிது சிறிதாய்க் குறைந்து மறையும் விளிம்புடையது. நொதியஞ் சுரக்கும் உயிரின் வட்டமோ செங்குத்தான பாறைக்கரை போற் சட்டென முடியும். விளிம்பிலுள்ள உயிர்கள் தம்மைச் சூழ்ந்த மருந்தைச் சிதைத்துவிட்டுத் தடித்து வளர்ந்திருக்கும். ஐரோப்பிய நியமம் 1 அலகு பெனிசிலின் வட்டைக் கையாண்டு, 26 மில்லிமீற்றரை எல்லையாக வைத்துள்ளது. அவ்வெல்லையைக் கடந்த வட்டமாயினும் விளிம்பு பாறைக்கரை போல் இருக்குமாயின், அளவுகோலின் எண்ணைப் பொருட்படுத்தாது, பெனிசிலினை எதிர்ப்பது என்றே எழுதல் வேண்டுமென அது விதிக்கின்றது.